பலகையில் இருந்த சொல்

லகாட்
3 மார்ச் 2024

அன்புள்ள தம்பி தர்மாவுக்கு,

அக்கா விமலா எழுதுவது. நானும் ஷர்மினியும் நலம். அவள் காம்பார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து துணி துவைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, என்னோடு பத்து வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். உன் இருமல் எப்படி இருக்கிறது? போன தடவை நீ படகுத்துறைக்கு வந்து போனில் கூப்பிட்டபோது பாதிப் பேச்சு இருமலிலேயே போயிற்று.

இந்தக் காலத்தில் தபாலில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். உன் பள்ளியில் லைன் கிடைக்காதது ஒன்று. எங்கள் பேக்டரியில் யாரோ எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது, அதிலிருந்து எங்கள் போனையெல்லாம் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்பது இன்னொன்று. காகிதத்தை யாரும் பார்வர்ட் பண்ண முடியாது அல்லவா?

மங்களம் அக்காவை உனக்கு நினைவிருக்கும். கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் நமக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். எங்கள் பேக்டரியில்தான் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். கார் மிதியடிக்கு ரப்பரை அரைக்கும் உருளையில் வலது கை மாட்டிக்கொண்டது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

உன்னிடம் ஒரு சின்னக் கேள்வி. ஆங்கிலத்தில் மஸ்ட் என்றும் ஷுட் என்றும் இருக்கிறதே, இரண்டுக்கும் சரியான வித்தியாசம் என்ன? சும்மா தெரிந்துகொள்ளத்தான். அவசரமில்லை. ஆனாலும் சீக்கிரம் எழுது.

வெந்நீர் குடி.
உன் அக்கா,
விமலா


சரவாக்
19 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கப்பிட் டவுனில் ஒன்பது நாள் கிடந்து, அரிசி மூட்டையோடு படகில் வந்து சேர்ந்தது. இருமல் குறைந்திருக்கிறது. நம் பேரா மாநிலத்துக்கு மாற்றல் கேட்டு நான்காவது தடவை மனு போட்டிருக்கிறேன். அதைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம்.

நீ கேட்டதைத்தான் படிவம் மூன்று மாணவர்களுக்கு இந்த மாதம் நடத்திக்கொண்டிருக்கிறேன். கேன், மே, மஸ்ட், ஷுட் எல்லாம் துணைவினைகள். தனியாக நிற்காது. பின்னால் வரும் வினையை ஒட்டும் வெட்டும் இல்லாமல் அப்படியே வைக்க வேண்டும். என் பிள்ளைகள் மஸ்டுக்குப் பின்னால் ஒரு 'டு'வைச் சேர்க்கிறார்கள். கேனுக்கு வாலில் ஓர் எஸ்ஸை ஒட்டுகிறார்கள். மூன்று வருடமாக அந்த வாலை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

மஸ்ட் என்றால் வேறு வழியில்லை. சட்டம், கட்டளை. ஷுட் என்றால் அறிவுரை. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் பிறகு வருத்தப்படுவாய், அவ்வளவுதான். மலாயில் மெஸ்தி, பாதுட் என்று சொன்னால் இங்கே சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். தமிழில்தான் வம்பு. 'மருந்து சாப்பிட வேண்டும்' என்று டாக்டர் சொன்னாலும் 'வேண்டும்', பக்கத்து வீட்டுக்காரி சொன்னாலும் 'வேண்டும்'. யார் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் நாம் எடை போடுகிறோம்.

நாற்பத்தாறு வயதில் பரீட்சை எழுதப் போகிறாயா? எதற்குக் கேட்டாய்? மங்களம் அக்காவுக்கு எவ்வளவு அடி என்று நீ எழுதவே இல்லையே.

ஷர்மினிக்கு என் அன்பு.
தர்மேந்திரன்


லகாட்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, அசதிதான். பதினைந்து நாளாக ஓவர்டைம்.

மங்களம் அக்காவுக்கு மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

நடந்தது இதுதான். சீனப் பெருநாளுக்கு முன்னால் ஆர்டரை முடிக்கிற அவசரம். கறுப்பு ரப்பர் ஓட்டி முடித்ததும், சாம்பல் நிறத்துக்கு மாற்றும் முன் உருளையில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டும். இயந்திரத்தை நிறுத்தினால் மறுபடி சூடேற இருபது நிமிடமாகும். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. ஓடும்போதே சுரண்டுவார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும். அன்றைக்கு அக்காவின் கையுறை முதலில் போயிற்று, கை பின்னாலேயே போயிற்று.

அந்த இடத்தில் சுவரில் ஓர் ஆங்கிலப் பலகை இருந்தது. சுத்தம் செய்யும் முன் தொழிலாளர்கள் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று. அதில் ஷுட் என்று இருந்தது. பெருநாள் விடுப்பு முடிந்து வந்து பார்த்தால் அதே இடத்தில் புதுப் பலகை. எழுத்து, அளவு, சிவப்புக் கரை எல்லாம் அதேதான். ஷுட் இருந்த இடத்தில் மட்டும் மஸ்ட்.

இப்போது அக்கா மீது உள்விசாரணை வைக்கிறார்கள். கட்டாய விதியை மீறினார் என்று முடிவானால் வேலையிலிருந்து நீக்கலாமாம். பலகை ஆரம்பத்திலிருந்தே மஸ்ட் என்றுதான் இருந்தது என்று ஒரு தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஆபீஸில் கோப்புகளைப் பார்க்கும் கிராணி என்பதால் என்னிடம் வந்திருக்கிறது.

இன்னும் போடவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு.
விமலா


சரவாக்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. சுற்றி வளைத்து எழுதப் பொறுமையில்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். 'பலகை இருந்தது', 'ஷுட் என்று இருந்தது' என்று எழுதியிருக்கிறாய். பலகை தானாக முளைத்ததா? ஷுட் என்று யார் எழுதியது? அந்த ஆபீஸில் ஆங்கிலத்தில் போகிற கடிதம், அறிவிப்பு எல்லாம் உன் கைவழியாகத்தானே போகிறது?

ஷுட் என்று போட்டதால்தான் இன்றைக்கு அவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லிக் கட்டளை போடவில்லை, நல்லது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்தான் மங்களம் அக்காவுக்கு மிச்சம் இருக்கும் நியாயம். அதையும் நீ துடைத்துக் கொடுக்காதே.

கோபமாக எழுதிவிட்டேன். தண்ணீர் வற்றி ஒரு வாரமாகப் படகு வரவில்லை. டின் மீன் தின்றே கோபம் வருகிறது.

உன் தம்பி,
தர்மா


லகாட்
6 மே 2024

அன்புள்ள தம்பி,

நலம்தான். மழை சரியாகப் பெய்யவில்லை, வெக்கை தாங்கவில்லை.

நான்தான் டைப் செய்தேன். 2018இல், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆய்வுக்கு வருவதற்கு முன்னால். முதலில் மஸ்ட் என்று அடித்துக் கொடுத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, மஸ்ட் போட்டால் கடுமையாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் நிறுத்துகிறீர்களா, எங்கே பதிவு என்று ஆய்வாளர் கேட்பார், ஷுட் போடு என்றார். போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மங்களம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்துவிட்டார். புந்தோங்கில் மகன் வீட்டில், இரண்டாவது மாடி. கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிப்போன ஆரஞ்சைப் பார்த்துவிட்டு, "உரிச்சிக் குடு புள்ள, எனக்கு இப்ப எல்லாம் யாராச்சும் உரிச்சிக் குடுக்கணும்" என்றார்.

உரித்துக் கொடுத்தேன்.

"உன்கிட்ட கையெழுத்து கேக்குறாங்களாமே?"

"ஆமாக்கா. நான் போடல."

"போட்டுருலா. ஷர்மினி படிப்பு இருக்கு. என் கை போனது போனதுதான். அந்தப் பலகைல என்னா எழுதியிருந்துச்சின்னே எனக்குத் தெரியாது. எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்? வெள்ளக்காரனுங்க வந்தா பாக்குறதுக்கு மாட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

அவர் நினைத்தது சரிதான். அது வெள்ளைக்காரர்கள் பார்க்கத்தான் மாட்டியது. நான் டைப் செய்ததை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆரஞ்சுத் தோலை வாரிக்கொண்டு வந்துவிட்டேன்.

விசாரணை அடுத்த மாதம்.

விமலா


லகாட்
28 மே 2024

அன்புள்ள தம்பி தர்மாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? உடம்புக்கு ஏதாவதா? போனில் கூப்பிட்டால் மணிகூட அடிக்கவில்லை. நான் போன கடிதத்தில் எழுதியது பிடிக்கவில்லை என்றால் அதையாவது எழுது.

நேற்று மனிதவளப் பிரிவு கலாதேவி என்னை அறைக்குக் கூப்பிட்டாள். நல்ல பெண்தான், தன் கையாலேயே மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க கையெழுத்துப் போடலாம், போடாமலும் இருக்கலாம். உங்க விருப்பம். யாரும் கட்டாயப்படுத்தல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஸ்டோர்ல ஆள் பத்தலன்னு மேனேஜர் சொல்லிட்டு இருக்காரு. உங்கள அங்க மாத்தினாலும் மாத்தலாம். பெட்டி எல்லாம் தூக்குற மாதிரி இருக்கும். உங்க முதுகுக்கு ஒத்துக்குமா தெரியல" என்றாள்.

"எது கட்டாயம்னு சொல்லுமா, அதச் செஞ்சிட்டுப் போறேன்" என்றேன். சிரித்தாள். அரை மணி நேரம் பேசினாள் தம்பி, அவள் வாயில் மஸ்ட் என்ற சொல்லே வரவில்லை. மைலோவைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

களைப்பாக இருக்கிறது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும், நீதான் இருக்கிறாய். இரண்டு வரி போதும்.

விமலா


சரவாக்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்று வகுப்பில் பயிற்சித்தாள் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து, மஸ்ட் எழுத வேண்டிய இடத்தில் ஷுட் எழுதியிருந்த தன் தாளைக் காட்டி, "சாமா சாஜா, சிக்கு?" என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதானே சார் என்று. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'மஸ்ட் போட்டால் கடுமையாக இருக்கும்' என்று நீ எழுதியிருந்த வரி திடீரென்று உன் குரலில் கேட்டது.

2018. நான் அப்போது ஈப்போவில் டியூஷன் சென்டரில் இருந்தேன். இரண்டு வகுப்புக்கு நடுவே பத்து நிமிடம், கையில் சோற்றுப் பொட்டலம். நீ கூப்பிட்டாய். "தம்பி, மஸ்ட் கடுமையா இருக்குங்கிறாங்க, ஷுட் போட்டா தப்பா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு இப்போது நன்றாக நினைவு வந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதான்லா அக்கா. எது வேணாலும் போடு."

எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுச் சோற்றைத் தின்றேன்.

நீ மார்ச் மாதம் வித்தியாசம் என்ன என்று கேட்டு எழுதினாயே, அப்போதே உனக்கு அது நினைவிருந்திருக்கிறது. நான் பெரிய வாத்தியாராக ஒரு பக்கம் பாடம் எழுதி அனுப்பினேன். 'ஷுட் என்று யார் எழுதியது' என்று உன்னையே மிரட்டினேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அக்கா?

விசாரணைக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். ஆங்கில ஆசிரியரான என்னிடம் நீ கேட்டாய், நான் தவறாகச் சொன்னேன் என்று. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கொடு.

தர்மா


லகாட்
25 ஜூன் 2024

அன்புள்ள தம்பி,

நீ வைத்திருந்த தாளை நான் கொடுக்கவில்லை. கிழித்துவிட்டேன். கோபப்படாதே, கடைசி வரை படி.

இருபதாம் தேதி விசாரணை நடந்தது. சாட்சிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். பினாங்கு ஹெட் ஆபீஸிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நடுவில், பக்கத்தில் எங்கள் மேனேஜர், ஓரத்தில் கலாதேவி குறிப்பெடுத்துக்கொண்டு. நான் அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்தேன். அதன்மேல் இன்னொரு தாளை வைத்தேன். 2018இல் நான் முதலில் அடித்த நகல். மேனேஜர் தன் நீலப் பேனாவால் மஸ்டை அடித்து, மேலே ஷுட் என்று எழுதிய தாள்.

பெரியவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை ஏன் இத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாளைக்கு என்மேல் பழி வந்தால் காட்டுவதற்கு" என்றேன். உண்மை அதுதான். மங்களம் அக்காவுக்காக நான் அதை வைத்திருக்கவில்லை.

"அப்படியென்றால் இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் உங்களுக்கு அப்போதே தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அதுதான் தம்பி உன் கேள்விக்கும் பதில். எனக்குத் தெரியும். தெரியாமலா முதலில் மஸ்ட் என்று அடித்தேன்? உன்னைக் கேட்டது தெரிந்துகொள்வதற்கு அல்ல. பரவாயில்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. உன் வகுப்பு எத்தனை மணிக்கு, இடைவேளை எத்தனை நிமிடம் என்று எனக்கு மனப்பாடம். பொறுமையாகப் பதில் சொல்ல உனக்கு நேரம் இருக்காது என்று தெரிந்துதான் அந்த நேரத்தில் கூப்பிட்டேன். நீ சாயங்காலம் ஓய்வாக இருக்கும்போது கேட்டிருந்தால் ஒழுங்கான பதில் சொல்லியிருப்பாய். அந்தப் பதில் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

மார்ச்சில் மறுபடி ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நீ இன்னொரு தடவை சொல்லமாட்டாயா என்று ஆசைப்பட்டேனோ என்னவோ.

முடிவு இன்னும் வரவில்லை. மேனேஜர் என்னைக் கடந்து போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். முதுகு வலிக்கு ஷர்மினி தைலம் வாங்கி வந்திருக்கிறாள்.

நீ உன்னை நொந்துகொள்ளாதே.
விமலா


சரவாக்
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாற்றல் மனு இந்தத் தடவையும் திரும்பி வந்துவிட்டது. ஒரு வரிதான். இங்கே வந்து சேர்வதற்குள் காகிதம் நனைந்து, அந்த ஒரு வரியும் கலைந்திருந்தது. டிசம்பர் விடுமுறைக்கு வருகிறேன்.

உன் கடிதத்தைப் பல நாள் வைத்திருந்தேன். நீ என்னைக் காப்பாற்ற இப்படி எழுதுகிறாயா, நடந்ததே இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும். நீ என்ன காரணத்துக்குக் கேட்டிருந்தாலும் நான் உன் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. என் பங்கு என்னோடு இருக்கட்டும். அதை நீ வாங்கிக்கொள்ள வேண்டாம்.

விசாரணைக்காரர்களிடம் சொல்லிவிட்டாய். மங்களம் அக்காவிடம் சொன்னாயா?

பதில் எழுதுவதற்காகப் போய்ச் சொல்லாதே. சொன்னால் எழுது.

தர்மா


லகாட்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பி தர்மாவுக்கு,

இரண்டு மாதமாகிவிட்டது. நீ கேட்டுவிட்டதால் வெறும் நல விசாரிப்பு எழுத முடியவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

முதலில் மற்றச் செய்தி. மங்களம் அக்கா மீது குற்றம் இல்லை என்று முடிவாயிற்று. உடல்நலக் காரணத்தால் ஓய்வு என்று கடிதம் கொடுத்தார்கள். பெர்கேசோ தொழிலாளர் காப்பீட்டு உதவிக்கும் மனு போய்விட்டது. அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து இயந்திரத்துக்குக் கூண்டு போடவைத்தார்கள். கூண்டைத் திறந்தால் உருளை நின்றுவிடும். என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மேனேஜர் அதே அறையில்தான் இருக்கிறார். எனக்கு முதுகு வலிக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுப் படுக்கத்தான் தெம்பு இருக்கிறது.

மங்களம் அக்கா வீட்டுப் பக்கம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டு தடவை கீழே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். போன வாரம் மாடி ஏறினேன்.

அவருக்கு என்னைக் கண்டதும் சந்தோஷம். விசாரணையில் நான் அவருக்காகப் பேசியதாக மகன் சொல்லியிருக்கிறான். "என்னால உன்ன ஸ்டோர்ல போட்டுட்டாங்களே புள்ள" என்று என் தோளைத் தடவினார். இடது கையால்.

அப்போதே சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. "அக்கா, அந்தப் பலகைய டைப் பண்ணது நான்தான். கட்டாயம் நிறுத்தணும்னு இருந்தத, நிறுத்துனா நல்லதுங்கிற மாதிரி மாத்தினது என் கைதான். தெரிஞ்சேதான் மாத்தினேன்" என்றேன்.

தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கீழே தாமான் தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், கிளம்பவே இல்லை.

"நீ எத எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது விமலா," என்றார் கடைசியில். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "எழுத்துல என்னா இருந்துச்சோ, அது உங்க ஆபீஸ் விசயம். உன் மேச எங்க இருந்துச்சி?"

"மாடியில."

"கண்ணாடி வச்ச ரூம்பு. அங்கருந்து பாத்தா உருளை தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"தினம் நான் ஓடுற மிஷின்ல கை வைக்கிறது தெரியும்."

நான் தலையை ஆட்டினேன்.

"பன்னெண்டு படிதான் புள்ள. எறங்கி வந்து, அக்கா கைய வைக்காதன்னு ஒரு வார்த்த வாயால சொல்லியிருக்கலாமே."

அவர் எழுந்து உள்ளே போய் எனக்குத் தேநீர் போட்டார். நான் எழுந்தபோது, "உக்காரு" என்றார். ஒற்றைக் கையால் பொட்டலம் பிரித்து, சர்க்கரை கொட்டி, துடைத்து, எல்லாவற்றுக்கும் ரொம்ப நேரம் பிடித்தது. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முழுவதையும் குடித்தேன். ரொம்ப இனிப்பாக இருந்தது.

டிசம்பரில் நீ வரும்போது இருவருமாகப் போவோம். அவர் கதவைத் திறப்பாரா என்று எனக்குத் தெரியாது.

நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
விமலா